நலமுடன் வீடு திரும்பினார்

அத்தியாயம் 6

"சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நர்ஸம்மாவ ஜீப்புல ஏத்திடுவேன் சார். அதுக்குள்ள என்ன தோண்டணுமோ தோண்டிக்குங்க."

இன்ஸ்பெக்டர் சுரேஷ்குமார் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார். பெரம்பலூரில் எலும்பு முறிவுக்குப் பேர்போன அந்த அறக்கட்டளை மருத்துவமனையின் வராந்தாவில் மணி பத்தரை. 2006 பிப்ரவரி. வெயில் அதற்குள் பாதித் தரையைப் பிடித்துவிட்டது.

அரவிந்தன் தலையை மட்டும் அசைத்தான். முப்பத்திரண்டு வயது. திருச்சியில் ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தான். பேச்சை அளந்துதான் எடுப்பான். அவனுக்கும் சேர்த்துப் பேச பிச்சைமுத்து இருந்தார். ஓய்வு பெற்ற ஏட்டு. ஒரு வருடமாக அவனிடம் உதவியாளர். ஆட்கள் முன்னால் அவனை "சார்" என்பார். தனியாக இருந்தால் "தம்பி".

"ஆறு மணிங்கிறது நல்ல நேரமான்னு பாத்துக்கிட்டீங்களா இன்ஸ்பெக்டர்?" என்றார் பிச்சைமுத்து.

"ஏட்டய்யா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. உங்க வாய் இன்னும் ஆகலை."

"அதுக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்திருக்காங்க."

வராந்தாவின் கோடியில், பெஞ்சில் அனிதா மேரி உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. சீருடை இல்லாமல் சாதாரணச் சேலையில் இருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் காவலர். அழுது முடித்த முகம். இப்போது அதில் களைப்பு மட்டும் பாக்கி.

ஐந்து வாரத்தில் மூன்று பேர் செத்திருந்தார்கள். எறையூரிலிருந்து ஒரு அம்மா, ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர், குன்னம் பக்கத்திலிருந்து இன்னொருவர். மூவருக்கும் இடுப்பெலும்பு முறிவு. மூவருக்கும் அறுவை சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சாயங்காலத்தில், மூச்சு இழுத்து இறந்துபோனார்கள். மூன்று சாயங்காலமும் டூட்டியில் இருந்தவள் அனிதா மேரி.

அதை மட்டும் வைத்து யாரும் போலீஸுக்குப் போயிருக்க மாட்டார்கள். போக வைத்தது கிளி.

மருத்துவமனை ஊழியர்கள் அங்கிருந்த ஒரு கம்ப்யூட்டரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இடுப்பு ஒடிந்து வருகிறவரின் வயது, ஊர், சர்க்கரை, மூச்சு எல்லாவற்றையும் தட்டினால், ஆபரேஷனுக்குப் பின் பிழைப்பாரா என்று அது ஒரு சீட்டு எடுத்துக் கொடுக்கும். எறையூர் அம்மாவுக்கு அது எடுத்த சீட்டில் 'பிழைக்கும் வாய்ப்பு 96 சதவீதம்' என்று இருந்தது. ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலைக்குப் போகும் அவர் மகன் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மேசையில் அறைந்தான். 'தொண்ணூத்தாறுன்னு எழுதிக் குடுத்துட்டு பொணத்தக் குடுத்தா என்ன அர்த்தம்?'

மற்ற இருவருக்கும் 95, 93. பிழைக்க வேண்டியவர்கள் செத்தால் யாரோ சாகடித்திருக்க வேண்டும். டூட்டி அட்டவணையைப் பார்த்தார்கள். ஒரே பெயர்.

தலைமை மருத்துவர் வீரமுத்துதான் அரவிந்தனை வரவழைத்தவர். ஐம்பதை நெருங்கும் வயது, சலவை மடிப்புக் கலையாத சட்டை.

"யாருங்கிறதுல சந்தேகமில்லை மிஸ்டர் அரவிந்தன். எப்படிப் பண்ணினாங்கிறதுதான் தெரியலை. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவர் மேசையில், காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தது. திருச்சி மருத்துவமனை ஒன்றின் உறை. மேலே பேனாவால் எழுதியிருந்தது: சம்பூர்ணம், 79. சேர்ந்த நாள், ஆபரேஷன் நாள் என்று இரண்டு தேதிகள். அரவிந்தன் பார்ப்பதைப் பார்த்து டாக்டரே சொன்னார்.

"எங்கம்மா. செந்துறைப் பக்கம் ஊர்ல இருக்காங்க. போன நவம்பர்ல கிணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இப்ப வாக்கர் வச்சு நடக்கிறாங்க."

"கிளி எவ்வளவுன்னு சொல்லுச்சுங்க அம்மாவுக்கு?" என்றார் பிச்சைமுத்து.

"வீட்டு மனுசங்களுக்கெல்லாம் அதைக் கேக்கிறதில்லை." டாக்டர் சிரித்தார்.

அரவிந்தன் சிரிக்கவில்லை. எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போனான்.

கிளிக்குச் சொந்தக்காரன் ஆரோக்கிய பிரபு. வரதராஜன்பேட்டைக்காரன், பொறியியல் கல்லூரி விரிவுரையாளர். இதை வைத்துத்தான் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தான். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது.

"நான் அதுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கலை சார். தொண்ணூத்தாறுலேருந்து ரெண்டாயிரத்து நாலு வரைக்கும் நானூத்திப் பன்னிரண்டு பழைய கேஸ் ஷீட்டைக் குடுத்தேன். வந்தப்ப எப்படி இருந்தாங்க, கடைசியில என்ன ஆச்சு, அவ்வளவுதான். அதுவாப் படிச்சு, எப்படிப்பட்டவங்க பிழைக்கிறாங்கன்னு கத்துக்கும். புதுசா ஒருத்தர் வந்தா, கத்துக்கிட்டதை வச்சு நம்பர் சொல்லும்."

"ஏன் அந்த நம்பர்னு கேட்டா?"

"அதைச் சொல்லாது சார்."

"எங்க பழைய எஸ்.பி. மாதிரி. உத்தரவு வரும், காரணம் வராது" என்றார் பிச்சைமுத்து.

சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'வாய்ப்பு 90க்கு மேல் உள்ளவர்களுக்கு இருதயப் பரிசோதனை தேவையில்லை. மறுநாளே அறுவை சிகிச்சை. வீரமுத்து, 5.12.2005.' அரவிந்தன் தேதியை இரண்டு முறை படித்தான்.

"பிச்சைமுத்து சாருக்கு இடுப்பு ஒடிஞ்சிடுச்சுன்னு வச்சுக்குங்க" என்றான்.

"நல்ல வாக்கு."

"வயசு ஐம்பத்தொன்பது. சக்கரை இருக்கு. பெரம்பலூர், ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு."

பிரபு தட்டினான். திரையில் 71 வந்தது.

"அதே ஆளு. ஊரை மட்டும் குன்னம்னு மாத்துங்க."

84.

பிரபு திரும்பிப் பார்த்தான். அரவிந்தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூச்சுத் திணறல் சேருங்க."

93.

"நெஞ்சுல நீர். வயசை எண்பதாக்குங்க."

97.



"இன்னும் ரெண்டு வியாதி சேத்தா எனக்குச் சாவே வராது போலிருக்கே சார்" என்றார் பிச்சைமுத்து.

பிரபு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "நான் இப்படி மாத்தி மாத்திப் பாத்ததில்லை. நூத்துக்குத் தொண்ணூறு கேஸுல சரியாச் சொல்லுச்சு சார். பழைய ஷீட்டுல சோதிச்சேன். நிஜமாவே சரியா வந்துச்சு."

"கடைசியில என்ன ஆச்சுன்னு எதைப் பாத்து அதுக்குச் சொன்னீங்க?"

"முத்திரை சார். பச்சைன்னா பிழைச்சாங்க. சிவப்புன்னா இல்லை."

முத்திரைகள் வார்டு மேசையில் இருந்தன. அரவிந்தன் அனிதா மேரியை அங்கே அழைத்து வரச் சொன்னான். பெண் காவலரும் கூடவே வந்தார். மரப்பிடி போட்ட இரண்டு ரப்பர் முத்திரைகள். ஒன்றில் 'நலமுடன் வீடு திரும்பினார்'. மற்றதில் 'இறந்தார்'. பச்சை மைக்கு ஒரு டப்பா, சிவப்பு மைக்கு ஒரு டப்பா. அரவிந்தன் முதல் முத்திரையைக் கையில் எடுத்தான். எடுத்தவன் தேவைக்கு மேல் சற்று நேரம் வைத்திருந்தான்.

"எப்ப எதைக் குத்துவீங்க?"

"வூட்டுக்குப் போறவங்களுக்குப் பச்சை சார். இங்க உசுரு போனா சிவப்பு."

"மூணாவது முத்திரை?"

அவளுக்குப் புரியவில்லை. "நான் வேலைக்குச் சேந்தே அஞ்சு மாசந்தான் ஆவுது சார். சேந்த அன்னிக்கே இந்த ரெண்டைத்தான் குடுத்தாங்க."

"எறையூர் அம்மாவை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்களாமே. இன்ஸ்பெக்டர் அதையும் உங்களுக்கு எதிரா எழுதி வச்சிருக்காரு. சாட்சியில்லாத இடத்துல சாகட்டும்னு அவசரப்படுத்தினீங்கன்னு."

"மூச்சு இழுக்கிறது நிக்கலை சார். டாக்டருக்கு ரெண்டு தடவ போன் போட்டேன், எடுக்கலை. திருச்சிக்காவது தூக்கிட்டு ஓடுங்க, இல்ல வூட்டுக்காவது கொண்டு போங்கன்னு அவங்க மகன்கிட்ட சொன்னேன். அவரு சீட்ட எடுத்துக் காட்டி, 'கம்ப்யூட்டரவிட உனக்கு அதிகமாத் தெரியுமா'ன்னு கத்துனாரு." கட்டில்கள் பக்கம் திரும்பினாள். "சார், என் விஷயம் இருக்கட்டும். பதினொன்னாம் நம்பர் பெட்டுல சின்னப்பிள்ளைன்னு ஒரு அம்மா இருக்காங்க. நாளைக்குக் காலையில அவங்களுக்கு ஆபரேஷன். கிளி தொண்ணூத்தாறு சொல்லியிருக்கு. ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே தூங்குறாங்க சார்."

ஆறு மணிக்கு மூன்று கொலைக்குக் கைதாகப் போகிறவள் பேசுகிற பேச்சா இது என்று பெண் காவலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அரவிந்தன் பிரபுவிடம் வந்தான். "பழைய கேஸுல கிளி யாரைப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டுச்சோ, அந்த முதல் இருபது பேரை எடுங்க. எல்லாம் பச்சை முத்திரையா இருக்கணும்."

பட்டியலின் தலையில் ஆண்டாயி இருந்தாள். குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். வயது 81. மூச்சுத் திணறல், நெஞ்சில் நீர். 3.3.1999 அன்று நலமுடன் வீடு திரும்பினார்.

"இப்ப எண்பத்தெட்டு" என்றார் பிச்சைமுத்து. "போயி ஆசீர்வாதம் வாங்கிட்டு வருவோம்."

குன்னம் ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். அரவிந்தனின் பழைய மாருதி மறுபாதியில் ஊர்ந்தது.

"ஒரு சந்தேகம் தம்பி. அந்தப் பொண்ணு செஞ்சிருந்தா?"

"செஞ்சிருந்தா சொல்லிடுவேன்."

"இல்ல, உங்களுக்குப் பணம் குடுக்கிறது டாக்டரு. வேற எதாவது வந்துட்டா?"

"அதையும் சொல்லிடுவேன்."

"அப்ப திரும்பிப் போறப்ப பெட்ரோலை நாமதான் போடணும். தெரிஞ்சுக்கிட்டேன்."

ஆண்டாயியின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது. வாசலில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்து, ஒரு பெண் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் பொன்னுத்தாய்.

"ஆண்டாயி அம்மாவைப் பாக்கணும்" என்றான் அரவிந்தன்.

அரிவாள்மணை நின்றது. "எந்த ஆண்டாயிங்க? எங்க மாமியாவா? அது போயி ஏழு வருசமாச்சே! நீங்க எந்த ஆபீஸு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வரோம்."

"நல்லா இருக்கே. செத்து ஏழு வருசங்கழிச்சு ஒடம்பு எப்புடி இருக்குன்னு பாக்க வந்தீங்களாக்கும்?"

பிச்சைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

உள்ளே கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட படம் இருந்தது. காய்ந்த மாலை. ஆண்டாயி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே வெள்ளை எழுத்தில் 'மறைவு: 3.3.1999'.

அரவிந்தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே தேதி.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்கம்மா."

"கடலக்கொல்லையில விழுந்து இடுப்பு ஒடிஞ்சிருச்சு. ஆபரேசன் பண்ணாங்க. நாலாம் நாளு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒசுரு வெளிய போச்சுன்னா எங்க ஊர்ல பொணத்த வூட்டுக்குள்ள ஏத்த மாட்டாங்க, தெருவுலயே போட்டு அப்புடியே தூக்கிருவாங்க. பத்துப் புள்ள பெத்த மவராசிய தெருவுலயா கெடத்துறது? மூச்சு இருக்கும்போதே கொண்டு போயிடுறோம்னு எங்க வூட்டுக்காரரு கால்ல வுழுந்தாரு. வேன் குடுத்தாங்க. மூஞ்சில காத்து மாஸ்க்க மாட்டி…"

"வாசப்படி தாண்டினப்புறம்தானே மாஸ்க்கை எடுத்தாங்க?" என்றான் அரவிந்தன்.

பொன்னுத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங்க. இந்தா, இந்த எடத்துல படுக்க வச்சுட்டுத்தான் எடுத்தாங்க. பால் ஊத்துனோம். முடிஞ்சிருச்சு. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அரவிந்தன் அடுத்ததைக் கேட்டான். "வேன்ல கூட யாரு வந்தாங்க?"

"அந்த டாக்டருதான். இப்ப பெரிய டாக்டரா இருக்காரே வீரமுத்து அய்யா, அவருதான். அப்ப சின்ன டாக்டரு. வழி நெடுவ மாஸ்க்குல இருந்த காத்துப் பலூன அமுக்கிக்கிட்டே வந்தாரு. கடியாரத்தப் பாத்து, 'இன்னும் பத்து நிமிசம் தாங்கும், வெரசா ஓட்டு'ன்னாரு. அந்த மனுசன நாங்க இன்னிவரைக்கும் கும்புடுறோம்."

படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். அதில் ஆஸ்பத்திரிச் சீட்டு. மாலை நான்கு பத்துக்கு 'நலமுடன் வீடு திரும்பினார்'. பச்சை மை லேசாக வெளுத்திருந்தது. கீழே கையெழுத்து வீரமுத்து. கூடவே இறப்புச் சான்றிதழ். அதே நாள், இடம்: சொந்த வீடு.

வெளியே வந்ததும் அரவிந்தன் பட்டியலை நீட்டினான். மற்ற பத்தொன்பது பெயர்கள். முப்பது வருடக் காவல் வேலையில் பிச்சைமுத்து பழகாத தலையாரி அந்தப் பக்கம் இல்லை. பெட்டிக்கடை நிழலில் நின்று, தன் செல்போனில் சார்ஜ் தீர்ந்து, கடைக்காரர் போனையும் வாங்கி, ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"பதினாறு பேரு அன்னிக்கோ மறுநாளோ போயிட்டாங்க தம்பி. ரெண்டு பேரு தகவல் இல்ல. கீழப்பழூர்ல ஒரு கிழவி மட்டும் உசுரோட இருக்கு, ஆடு மேய்க்குதாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணையாவது கிளி சரியா எடுத்திருக்கு."

ஐந்தே காலுக்கு டாக்டர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனிதா மேரி கதவோரம் நின்றாள். பிரபு ஒரு காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

அரவிந்தன் ஆண்டாயியின் இரண்டு சீட்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"இங்க மனுசங்களுக்கு மூணு முடிவு இருக்கு இன்ஸ்பெக்டர். பிழைச்சுப் போறது. இங்கேயே சாகிறது. சாகிறதுக்காக வூட்டுக்குப் போறது. ஆனா முத்திரை ரெண்டுதான். மூணாவது ஆளுக்கும் பச்சையைக் குத்திட்டாங்க. எட்டு வருஷமா."

இன்ஸ்பெக்டர் சீட்டுகளைத் தூக்கிப் பார்த்தார்.

"டவுன்காரங்களுக்கு வூடு அஞ்சு நிமிஷம். கடைசி வரைக்கும் காத்திருப்பாங்க. பாதிப் பேருக்கு இங்கேயே முடிஞ்சிரும். சிவப்பு. தூரத்து ஊர்க்காரங்க மூச்சு இழுக்க ஆரம்பிச்சதுமே கிளம்பிடுவாங்க. பச்சை. கிளி இதைத்தான் படிச்சிருக்கு. தூரமா இருந்து, வயசாகி, மூச்சு முட்டுறவங்க பிழைப்பாங்கன்னு கத்துக்கிட்டிருக்கு. அது பொய் சொல்லலை. நாம சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்லுச்சு."

"சரி. ஆனா முன்ன இல்லாத சாவு இப்ப மூணு விழுந்திருக்கே சார்? அஞ்சு வாரத்துல?"

"முன்னயும் இருந்தது. வூட்டுல விழுந்தது. இப்ப குடும்பத்தோட கையில தொண்ணூத்தாறுன்னு சீட்டு இருக்கு. யாரு கொண்டு போவாங்க? நம்பி இங்கேயே உக்காந்திருந்தாங்க. ஆபரேஷன் காலையில நடக்குது. நெஞ்சு பலவீனமானவங்களுக்கு மறுநாள் சாயங்காலம் வாக்குல மூச்சு இழுக்குது. சாயங்கால டூட்டி இவங்களோடது."

"அப்ப கூட்டிட்டுப் போங்கன்னு இந்தப் பொண்ணு அவசரப்படுத்தினது?"

"அஞ்சு வாரத்துல இந்தக் கட்டடத்துல யாராவது உண்மை சொன்னாங்கன்னா அது அவங்க மட்டுந்தான்."

டாக்டர் வீரமுத்து அதுவரை அசையவில்லை. இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமான குரல்.

"குடும்பங்க கெஞ்சினாங்க. நான் உதவினேன். அது பாவமா? பழைய ஷீட்டுல இப்படி ஒரு சிக்கல் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எலும்பு டாக்டர். கம்ப்யூட்டர் படிச்ச தம்பி பாத்திருக்கணும். வருத்தமான தப்புதான். ஆனா இதுல குற்றவாளி யாருமில்லை."

பிரபு காகிதக் கட்டை மேசையில் வைத்தான். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். விஷயம் அதோடு முடிந்துவிடும் போலிருந்தது.

"பிரபு" என்றான் அரவிந்தன். "கிளியைக் கேட்டவங்க பட்டியல் அழியுமா?"

"அழியாது சார். ஒவ்வொண்ணும் தேதியோட பதிவாயிடும்."

"காலையில, போன நவம்பர்ல கேட்டவங்க பேரைப் பாத்து வைங்கன்னேன்."

பிரபு காகிதத்தைப் புரட்டினான். "நவம்பர் ஒன்பது, ரெண்டாயிரத்து அஞ்சு. சம்பூர்ணம். வயசு எழுபத்தொன்பது. செந்துறைப் பக்கம். மூச்சுத் திணறல் உண்டு. பிழைக்கும் வாய்ப்பு தொண்ணூத்தாறு."

டாக்டரின் கை கண்ணாடி மேல் நின்றது.

"வீட்டு மனுசங்களுக்குக் கேக்கிறதில்லைன்னு காலையில சொன்னீங்க" என்றான் அரவிந்தன். "கேட்டிருக்கீங்க. தொண்ணூத்தாறு வந்திருக்கு. அன்னிக்கே அம்மாவைத் திருச்சிக்கு அனுப்பிட்டீங்க. அங்க ஒன்பது நாள் வச்சு, நெஞ்சைப் பாத்து, நீரை இறக்கி, அப்புறந்தான் கத்தியை எடுத்திருக்காங்க. உங்க மேசையில கிடக்கிற எக்ஸ்ரே உறையிலயே ரெண்டு தேதியும் இருக்கு. அந்தத் தொண்ணூத்தாறுக்கு என்ன அர்த்தம்னு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. வேன்ல பலூன் அமுக்கிட்டுப் போனவர் நீங்க."

அரவிந்தன் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் கையைக் காட்டினான்.

"அம்மா பிழைச்சு ரெண்டு வாரங்கழிச்சு, டிசம்பர் அஞ்சாம் தேதி, தொண்ணூறுக்கு மேல வந்தா நெஞ்சைப் பாக்கவே வேண்டாம்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. ஏன் டாக்டர்?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "சென்னை மாநாட்டுல அறிவிச்சுட்டேன். இந்தியாவுலயே முதல்னு. நானூத்திப் பன்னிரண்டுல சாவு பத்தொன்பதுதான்னு. அப்புறம் போயி பச்சை முத்திரை பொய்னு எப்படிச் சொல்றது?" திரும்பினார். "மூணு பேரும் வயசானவங்கதானே. எப்படியும் இன்னும்…"

"எறையூர் அம்மாவுக்கு அறுவத்திரெண்டு வயசுதான் சார்" என்றாள் அனிதா மேரி. அன்று அந்த அறையில் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பெண் காவலரைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அவர் அனிதா மேரியின் பக்கத்திலிருந்து விலகி நின்றார். வராந்தாவில் கடிகாரம் ஆறு அடித்தது.

"வாங்க டாக்டர்" என்றார் சுரேஷ்குமார். "ஜீப்பு வெறுமனே திரும்பிப் போகக்கூடாது."

அனிதா மேரி யாரிடமும் விடைபெறவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வார்டுக்குள் போனாள். பதினொன்றாம் எண் கட்டிலில் சின்னப்பிள்ளை தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "என்னாடி ஆத்தா, நாளைக்கு இல்லையா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. "இல்லம்மாயி. திருச்சிக்குப் போறோம். மொதல்ல நெஞ்சப் பாக்கணும்." ஆம்புலன்ஸுக்கு போன் போட்டவன் பிரபு. போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குப் போய் சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கினான்.

மாருதி கிளம்பும்போது மேற்கே சிவப்பு மிச்சமிருந்தது. ஆம்புலன்ஸ் முன்னால் போனது. பின் கண்ணாடி வழியாக மாஸ்க் போட்ட ஒரு முகமும், பக்கத்தில் குனிந்திருந்த அனிதா மேரியின் முதுகும் தெரிந்தன.

"ஒண்ணு கேக்கணும் தம்பி" என்றார் பிச்சைமுத்து. "வாசப்படி தாண்டினப்புறந்தான் மாஸ்க்கை எடுத்தாங்களான்னு கேட்டீங்களே. அந்தம்மா சொன்ன கதை அதுவரைக்கும் வேனைவிட்டே இறங்கலை. அது எப்படி?"

அரவிந்தன் கியரை மாற்றினான்.

"எங்க வூட்டு பீரோவுல ஒரு டிஸ்சார்ஜ் ஷீட் இருக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு. திருச்சியிலேருந்து அரியலூருக்கு எழுபது கிலோமீட்டர். நான்தான் பலூன் அமுக்கினேன். 'உடல்நிலை தேறி வீடு சென்றார்'னு போட்டிருக்கு. என் சம்சாரத்துக்கு. இருபத்தேழு வயசு. கீழ என் கையெழுத்து."

பிச்சைமுத்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவரைத் தெரிந்த நாளிலிருந்து அரவிந்தன் அப்படியொரு மௌனத்தைக் கேட்டதில்லை.

நான்கு ரோடு சந்திப்பு வந்தது. ஒரு பக்கம் திரும்பினால் திருச்சி. மறுபக்கம் ஊர்கள். ஆம்புலன்ஸ் வேகத்தைக் குறைத்து நின்றது. உள்ளே இருந்த சின்னப்பிள்ளையின் குடும்பம் மனசு மாறியிருந்தால் இங்கேதான் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். அரவிந்தனும் பின்னால் நிறுத்தினான். பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை.

ஆம்புலன்ஸின் விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. திருச்சி ரோட்டில் திரும்பியது.